உண்டியல், ஃபில்டர், உணர்வு அட்டை: குழந்தைகளின் கெட்ட வார்த்தைக்கு எது மருந்து?

பிள்ளை வாயிலிருந்து முதல் கெட்ட வார்த்தை வந்து விழுந்ததும் பெற்றோர் கை நீட்டுவது பெரும்பாலும் மூன்று பொருள்களுக்கு. காசு போடச் சொல்லும் உண்டியல், போனிலும் கேமிலும் இருக்கும் மொழி ஃபில்டர், உணர்வுகளின் பெயர் அச்சடித்த அட்டைக்கட்டு. மூன்றும் ஒரே வேலைக்கு என்றுதான் விற்கப்படுகின்றன. உண்மையில் ஃபில்டர் காதைக் காக்கிறது, உண்டியல் கணக்கு வைக்கிறது, அட்டை மட்டும்தான் வாய்க்கு வேறொரு சொல்லைக் கொடுக்கப் பார்க்கிறது. இங்கே அளவுகோல் ஒன்றே ஒன்று: பொருளை அலமாரிக்குள் வைத்துவிட்ட பிறகும் பிள்ளையின் பேச்சு மாறியே இருக்கிறதா?

எதைத் தடுக்க வாங்குகிறோம் என்பதில் முதலில் தெளிவு வேண்டும். கால் விரல் இடித்ததும் தானாக வருவது ஒரு வகை. ஒவ்வொரு வாக்கியத்திலும் பழக்கத்தில் ஒட்டிக்கொள்வது இரண்டாவது. எதிரில் நிற்பவர் மீது எறிவது மூன்றாவது. ஒருவரின் நிறம், உடற்குறை, பிறப்பு, பாலினம் இவற்றைச் சொல்லி மட்டம் தட்டுவது நான்காவது. முதல் இரண்டும் இடம் பொருள் ஏவல் பிரச்சினை. பின்னிரண்டும் காயப்படுத்துபவை, அவசரமாகக் கவனிக்க வேண்டியவை. ஆனால் சந்தையில் உள்ள பொருள்கள் குறிவைப்பது முதல் இரண்டைத்தான். "குண்டா", "நொண்டி", "கறுப்பி" என்று வகுப்பில் ஒரு பிள்ளையை நாள் முழுக்க அழைத்தாலும் எந்த ஃபில்டரும் சத்தம் போடாது, எந்த உண்டியலிலும் காசு விழாது. இந்த ஓட்டை மூன்று பொருளுக்கும் பொது.

உண்டியல்

விதி எளிது: கெட்ட வார்த்தை சொன்னவர் காசு போட வேண்டும். முதல் வாரம் பிரமாதமாக ஓடும். பிறகு பல இடத்தில் விரிசல் விடும்.

பெரிய விரிசல், அபராதம் விலையாக மாறுவது. ஊரி க்னீஸி, ஆல்டோ ருஸ்டிசினி என்ற இரு பொருளியலாளர்கள் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 குழந்தைக் காப்பகங்களை வைத்துச் செய்த ஆய்வு 2000-இல் வெளியானது. மாலையில் பிள்ளையை அழைத்துப் போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சில காப்பகங்களில் அபராதம் விதித்தார்கள். அங்கே தாமதம் குறையவில்லை, கூடியது. அபராதத்தை எடுத்துவிட்ட பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அதுவரை "டீச்சரைக் காக்க வைக்கிறோமே" என்றிருந்த கூச்சம், "அதுதான் கட்டுகிறோமே" என்று ஆகிவிட்டது. உண்டியலிலும் இதே கதைதான். கையில் சில்லறை வைத்திருக்கும் பத்து வயதுப் பையன் காசை முதலில் போட்டுவிட்டுத் தம்பியைத் திட்டுவான். விதிப்படி அவனைக் கேட்கவும் முடியாது.

அடுத்தது, எந்தச் சொல்லுக்குக் காசு என்ற குழப்பம். டிமோதி ஜே, கிரிஸ்டின் ஜே ஆகிய அமெரிக்க உளவியலாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு விஷயம் தெரிந்தது. பள்ளியில் சேரும் வயதிலேயே பெரியவர்களின் வசவுச் சொற்களில் அடிப்படையானவை பிள்ளைகளுக்கு வந்துவிடுகின்றன. ஆனால் லேசான சொற்கள் எவ்வளவு மோசம் என்பதில் பிள்ளைகளின் கணக்கும் பெரியவர்களின் கணக்கும் ஒத்துப் போவதில்லை. அப்பாவுக்குச் சாதாரணமாகத் தோன்றுவது பிள்ளைக்குப் பெரிய குற்றமாகப் படலாம். அதனால் உண்டியல் வைத்த வீட்டில் பாதி நேரம் "இது சேருமா, சேராதா" என்ற வழக்காடலிலேயே போகும்.

சின்னக் கோளாறுகளும் உண்டு. சொந்தக் காசே இல்லாத நான்கு வயதுக் குழந்தைக்கு அபராதம் என்றால் என்னவென்றே புரியாது. அக்கா தம்பியைச் சீண்டிச் சொல்ல வைத்துவிட்டு "அம்மா, இவன் சொல்லிட்டான்" என்று ஓடி வருவாள். சேர்ந்த காசில் எல்லாருமாக வெளியே போய் வந்தால், திட்டினால்தான் ஊர் சுற்றலாம் என்ற பாடம் ஆகிவிடும். கண்ணாடி ஜாடியாக இருந்தால் அதை நிரப்பிப் பார்ப்பதே ஒரு விளையாட்டு.

இப்படியே பயன்படுத்த இதைப் பரிந்துரைக்க மாட்டோம். ஆனால் காசை எடுத்துவிட்டுக் காகிதம் போட்டால் உண்டியலுக்கு ஒரு நல்ல வேலை இருக்கிறது. மூடி போட்ட டப்பா, பக்கத்தில் ஒரு பேனா, கையகலத் துண்டுச் சீட்டுகள். முதல் ஒரு வாரம் பெரியவர்கள் மட்டும். யாராவது வாய் தவறினால் மூன்று விஷயம் எழுதிப் போட வேண்டும்: மணி என்ன, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, யாரைப் பார்த்துச் சொன்னது. சொன்ன சொல்லை எழுதத் தேவையில்லை. இரண்டாவது வாரம் பிள்ளையும் சேரலாம். எழுத வராத வயதென்றால் அது சொல்ல, பெரியவர் எழுதலாம். பதினைந்தாம் நாள் சீட்டுகளைத் தரையில் பரப்பி நேரவாரியாக அடுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று நேரங்களில் குவிந்திருக்கும்: டிவியை அணைக்கும் நேரம், வீட்டுப்பாட நேரம், ஒரே பொருளுக்கு இரண்டு பேர் இழுக்கும் நேரம். சரி செய்ய வேண்டியது அந்த நேரத்தை. டிவியை அணைக்கப் பத்து நிமிடம் முன்பும் இரண்டு நிமிடம் முன்பும் சொல்லிவைத்தால் அந்தக் குவியல் தானாகக் கரையும். முதல் வாரத்தில் விழும் சீட்டுகளில் பெரியவர்களின் கையெழுத்தே நிறைந்திருப்பதைப் பார்ப்பது, சங்கடம்தான் என்றாலும், நல்ல ஆரம்பம்.

ஃபில்டர்

இதில்தான் எதிர்பார்ப்புக்கும் உண்மைக்கும் தூரம் அதிகம். "பேரண்டல் கண்ட்ரோல் போட்டாச்சு" என்று பெற்றோர் நிம்மதியாக இருப்பார்கள். போட்டது எதை மறிக்கிறது என்று பார்த்திருக்க மாட்டார்கள்.

கூகுள் தேடலை வடிகட்டும் சேஃப்சர்ச் பாலியல் காட்சிகளுக்கும் கோரமான படங்களுக்கும் உரியது. வசவுச் சொல்லுக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

ஜிபோர்டு கீபோர்டின் செட்டிங்ஸில் டெக்ஸ்ட் கரெக்ஷன் என்ற பகுதிக்குள் தகாத சொற்களைத் தடுக்கும் ஸ்விட்ச் ஒன்று இருக்கிறது. அதை ஆன் செய்தால் அப்படிப்பட்ட சொற்கள் பரிந்துரைப் பட்டையில் வராது, அவ்வளவுதான். எழுத்தெழுத்தாகத் தட்டினால் தாராளமாக வரும். பெரியவர்களும் பிள்ளைகளும் ஒரே போனைப் பயன்படுத்தும் வீட்டில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கீபோர்டு நாம் தட்டுவதைக் கற்றுக்கொள்ளும். நண்பருக்குக் கோபத்தில் அனுப்பிய சொல், பிள்ளை முதல் இரண்டு எழுத்தைத் தொட்டதும் மேலே எட்டிப் பார்க்கும். அந்தப் பரிந்துரையின் மேல் விரலை அழுத்திப் பிடித்து நீக்கும் குறிக்கு இழுத்துவிட்டால் போய்விடும். அரை நிமிட வேலை, பலருக்குத் தெரியாது.

ஐபோனில் ஸ்கிரீன் டைமுக்குள் உள்ளடக்கக் கட்டுப்பாடுகள் பகுதியில் குரல் உதவியாளரான சிரி (Siri) கெட்ட வார்த்தை பேசாமல் தடுக்கலாம், பாட்டு, பாட்காஸ்ட் இரண்டையும் "க்ளீன்" என்று மாற்றலாம். ஸ்பாட்டிஃபையிலும் "எக்ஸ்பிளிசிட்" முத்திரை விழுந்த, அதாவது தகாத சொல் உள்ள, பாட்டுகளை அனுமதிக்காத வசதி உண்டு. ஃபேமிலி பிளானில் கணக்கை நிர்வகிப்பவரே மற்றவர்களுக்கும் போட்டுவிடலாம். இரண்டுக்கும் ஒரே பலவீனம். பாட்டின் வரிகளை ஆராய்ந்து அந்த முத்திரை விழுவதில்லை, பாட்டை வெளியிடுபவர்கள் போடும் அடையாளத்தை நம்பித்தான் விழுகிறது. அவர்கள் போடவில்லையென்றால் பாட்டு சாதாரணமாக ஓடும்.

யூடியூபில் மூன்று படிகள் உள்ளன. சாதாரண யூடியூபில் ரெஸ்ட்ரிக்டட் மோட் தலைப்பு, விவரக்குறிப்பு போன்ற தகவல்களை வைத்து வடிகட்டும், கமெண்ட்டுகளையும் மறைத்துவிடும். கமெண்ட் மறைவதே பாதி லாபம் என்பது எங்கள் கருத்து. ஆனால் அது அந்தச் சாதனத்துக்கு அல்லது அந்த பிரௌசருக்கு மட்டும். வேறு பிரௌசரைத் திறந்தால் அது கிடையாது. அடுத்த படி, மேற்பார்வைக் கணக்கு. ஒன்பது வயதுக்கு மேல், பதிமூன்றுக்கு மேல், ஏறக்குறைய முழு யூடியூபும் என்று மூன்று அளவு கொண்டது. மூன்றாவது 2015-இல் வந்த யூடியூப் கிட்ஸ். நான்கு வயது வரை, 5 முதல் 8, 9 முதல் 12 என்ற பிரிவுகளோடு, பெற்றோரே தேர்ந்தெடுத்த வீடியோக்களை மட்டும் காட்டும் முறையும் உண்டு. இந்தக் கடைசி முறையில் தேடல் வேலை செய்யாது. சொல் வடிகட்டலில் நாம் உண்மையாக நம்பக்கூடியது இது ஒன்றுதான், ஏனென்றால் இங்கே வடிகட்டுவது மனிதர். ஒரு எச்சரிக்கை: பெற்றோர் பகுதிக்குள் நுழைய அந்த ஆப் இயல்பாகக் கேட்பது ஒரு பெருக்கல் கணக்கு. ஏழாம் வாய்ப்பாடு மனப்பாடமாகிவிட்ட பிள்ளைக்கு அது பூட்டே அல்ல. முதல் நாளே சொந்தமாக நான்கு இலக்க எண் போட்டுவிடுங்கள்.

கேம்களில் எழுத்துச் சாட்டுக்கு ஃபில்டர் பரவாயில்லை. ரோப்லாக்ஸில் தகாத சொல் #### என்று மாறும், ஸ்டீமில் இதயக் குறிகளாக மாறும், எக்ஸ்பாக்ஸில் நான்கு அளவுகளில் தேர்வு செய்யலாம். ஆனால் பிள்ளை வசவைக் கற்றுக்கொள்வது பெரும்பாலும் எழுத்தில் இருந்து அல்ல, ஹெட்போனில். தோற்றுப் போன எவரோ கத்துவது எந்த எழுத்து ஃபில்டரிலும் சிக்காது. வாய்ஸ் சாட்டை அணைத்துவிடலாம், முடியாவிட்டால் நண்பர் பட்டியலில் உள்ளவர்களோடு மட்டும் என்று வைக்கலாம். அதுவும் சண்டையில் முடியும் என்றால் ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரில் போட்டுக் கூடத்தில் விளையாடச் சொல்லுங்கள். பேச்சு தானாகவே ஒரு படி இறங்கும்.

இனி தமிழ்ச் சிக்கல். சொற்பட்டியல் ஃபில்டர்களுக்குப் பழைய நோய் ஒன்று உண்டு. 1996-இல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் நகரத்துக்காரர்களுக்கு ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனத்தில் கணக்குத் திறக்க முடியவில்லை. ஊர்ப் பெயருக்குள் ஒரு கெட்ட வார்த்தையின் எழுத்துகள் வரிசையாக இருந்ததை மென்பொருள் பிடித்துக்கொண்டது. தமிழுக்கு இந்த நோய் இரட்டிப்பு. நம் சொல் வேற்றுமை உருபும் விகுதியும் ஏற்றுக்கொண்டே நீளும். அடிச்சொல்லை மட்டும் பட்டியலில் வைத்தால் விகுதி சேர்ந்த வடிவம் தப்பிவிடும், சொல்லுக்குள் தேடச் சொன்னால் ஒரு பாவமும் அறியாத சொற்கள் மாட்டும். போதாததற்கு பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். ழகரத்தை ஒருவர் இசட் ஹெச் என்பார், இன்னொருவர் எல் என்பார், மூன்றாமவர் வெறும் இசட். நெடிலுக்கு உயிரெழுத்தை இரட்டிப்பவர் உண்டு, அப்படியே விடுபவர் உண்டு. ஒரே வசவு எட்டுப் பத்து வடிவில் வரும். முதலெழுத்துகளை மட்டும் போடும் சுருக்கம் வேறு. ஃபில்டரில் சொந்தச் சொற்களைச் சேர்க்கும் இடம் இருந்தால் சேருங்கள், ஆனால் ஒரு வாரத்தில் புது எழுத்துக்கூட்டு பிறந்திருக்கும். ஓட்டப்பந்தயத்தில் பிள்ளைதான் ஜெயிக்கும்.

எட்டு வயது வரை ஃபில்டர் நியாயமான உதவி. அதற்கு மேல் அது மெல்லிய திரை மட்டுமே. எந்த வயதிலும் கற்றுக் கொடுக்காது: நட்சத்திரக் குறிகளைப் பார்த்த பிள்ளைக்கு அங்கே ஏதோ ஒன்று இருக்கிறது என்பது மட்டும் நன்றாகத் தெரியும், ஏன் கூடாது என்பது தெரியாது.

மாற்றுச் சொல்

"கெட்ட வார்த்தைக்குப் பதில் இதைச் சொல்லு" என்று வேடிக்கைச் சொற்கள் தரும் போஸ்டர்களும் புழங்குகின்றன. இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஸ்டீஃபன்ஸ் குழு 2009-இல் காட்டியது இது: பனிநீரில் கையை வைத்திருக்கச் சொன்னபோது, வசவுச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னவர்கள் அதிக நேரம் தாங்கினார்கள். 2020-இல் அவரே புதிதாகப் புனைந்த இரண்டு போலி வசவுகளை வைத்துச் சோதித்தார். வலி தாங்கும் நேரம் கூடவில்லை. ஆக, மாற்றுச் சொல் அதே நிம்மதியைத் தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வாய்க்கு ஒரு வடிகால் என்ற அளவில் சரி. அதற்கும் சொல் குட்டையாக, அழுத்தி உச்சரிக்க வாகாக இருக்க வேண்டும். "ச்சே", "அட" போன்றவை நிலைக்கும். போஸ்டரில் உள்ள ஐந்து அசைக் கிண்டல் சொல்லை இரண்டாம் நாள் யாரும் சொல்ல மாட்டார்கள். மூன்றாம், நான்காம் வகைச் சொற்களுக்கு இது உதவவே உதவாது. ஒருவரைப் புண்படுத்த நினைக்கும் வாய்க்கு இன்னொரு சொல் கிடைத்தாலும் புண் புண்தான்.

உணர்வு அட்டைகள்

மூன்றில் காசுக்கு மதிப்புள்ளது இது. அதிலும் கடையில் கிடைப்பதை விட வீட்டில் செய்வது மேல். பிள்ளைகளின் பிரச்சினை நடத்தையை ஆராய்பவர்களுக்கு ஒரு பழைய பாடம் உண்டு. எட்வர்ட் கார், மார்க் டியூராண்ட் இருவரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளை முரண்டு பிடித்துப் பெற்றுக்கொண்டிருந்த அதே பலனை ஒரு சொல்லால் கேட்டுப் பெறக் கற்றுக் கொடுத்தார்கள்; முரண்டு குறைந்தது. அட்டையும் இதைச் செய்தால்தான் பயன். அட்டை வெறுமனே உணர்வின் பெயரைச் சொல்லி நின்றுவிட்டால் பாதி வேலைதான்.

கடையில் வாங்கும் கட்டுகளில் மூன்று குறை அடிக்கடி. ஒன்று, முப்பது நாற்பது அட்டை இருக்கும். கோபத்தில் இருக்கும் பிள்ளை நாற்பதில் ஒன்றைத் தேடாது. இரண்டு, "விரக்தி", "பதற்றம்", "மனக்கசப்பு" என்று பாடப்புத்தகத் தமிழ். ஐந்து வயதுக் குழந்தை சொல்லக்கூடியது "கடுப்பா இருக்கு", "பயமா இருக்கு", "என்னை விட்டுட்டாங்க" இவைதான். மூன்று, பின்பக்கம் வெறுமையாக இருக்கும். அங்கேதான் முக்கியமானது எழுதப்பட வேண்டும்.

செய்முறை இதுதான். தடித்த அட்டையில் உள்ளங்கை அளவில் ஆறு துண்டு, மிஞ்சிப் போனால் எட்டு. முன்பக்கம் பிள்ளை தானே வரைந்த முகமும், அது பேசும் மொழியிலேயே உணர்வும். பின்பக்கம் ஒரே ஒரு வாக்கியம், கேட்கும் வாக்கியம். "கடுப்பா இருக்கு" அட்டைக்குப் பின்னால் "எனக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் வேணும்". "பிடுங்கிட்டான்" என்பதற்குப் பின்னால் "அது என்னோடது, திருப்பிக் குடு". "கிண்டல் பண்றாங்க" என்பதற்குப் பின்னால் "அப்படிக் கூப்பிடாதே, எனக்குப் பிடிக்கல". மேலே டேப் ஒட்டிப் பிள்ளையின் கண் உயரத்தில் மாட்டுங்கள், பெரியவரின் கண் உயரத்தில் அல்ல. ஒரு வாரத்துக்கு இரண்டு அட்டை மட்டும். தினம் ஐந்து நிமிடம், எல்லாரும் அமைதியாக இருக்கும்போது நடித்துப் பாருங்கள். பெரியவர் பொம்மையைப் பிடுங்குவார், பிள்ளை பின்பக்க வாக்கியத்தைச் சொல்லும், சொன்ன உடனே பொம்மை திரும்பி வரும். அந்த "உடனே" முக்கியம். கேட்டும் கிடைக்காவிட்டால் பிள்ளை பழைய ஆயுதத்துக்கே திரும்பிவிடும்.

கெடுவது எங்கே என்றால், பிள்ளை கத்திக்கொண்டிருக்கும்போது அட்டையை அதன் முகத்துக்கு நேரே நீட்டி "எந்த உணர்வு, சொல்லு" என்று கேட்பதில். அப்போது அட்டை தண்டனையாகிவிடும், பிறகு அதைத் தொடாது. கத்தி முடிந்து, தண்ணீர் குடித்து, பதினைந்து இருபது நிமிடம் போன பிறகு எடுங்கள். நான்காம் வகைச் சொல் வந்திருந்தால் மட்டும் அட்டையோடு நிறுத்தக் கூடாது. "அந்தச் சொல் ஒருத்தரோட உடம்பைச் சொல்லிக் கேவலப்படுத்துது, அதை இங்கே யாரும் சொல்றதில்ல" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, யாரைச் சொன்னதோ அவரிடம் போய்ப் பேச வைக்க வேண்டும். நீண்ட பிரசங்கம் வேண்டாம். இரண்டாவது நிமிடத்துக்குப் பிறகு பிள்ளை கேட்பதில்லை.

மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு இந்தப் பொருள்கள் எதுவும் தேவையில்லை. அது கேட்டதைத் திருப்பிச் சொல்கிறது. சிரிக்காமல், அதிராமல், சொல்ல வந்ததைச் சரியான சொல்லில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். கவனிக்காமல் விட்டதும் முதல் சில நாள் அந்தச் சொல் இன்னும் அதிகமாக வரும், சத்தமாகவும் வரும். பலர் இங்கேதான் "இது சரிப்படவில்லை" என்று கைவிடுகிறார்கள். அது அடங்குவதற்கு முந்தைய ஏற்றம். இடையில் வீட்டுக்கு வந்த யாராவது ஒருமுறை "எங்கே, இன்னொரு தடவை சொல்லு" என்று சிரித்துவிட்டால் கணக்கு மறுபடி ஒன்றில் இருந்து தொடங்கும். எப்போதாவது கிடைக்கும் சிரிப்பு, எப்போதும் கிடைக்கும் சிரிப்பை விடப் பழக்கத்தை இறுக்கிப் பிடிக்கும். எனவே வருபவரிடம் வாசலிலேயே சொல்லி வையுங்கள். வாயில் சோப்புப் போடுவது பற்றி ஒரு வரி போதும்: வாந்தியும் வாய் எரிச்சலும் வரும், சொல் நிற்காது.

இந்த மூன்று பொருளையும் வாங்கவே கூடாத ஒரு நிலைமை உண்டு. சந்தர்ப்பமே இல்லாமல் சொல் வெடித்து வருகிறது, கூடவே கண் சிமிட்டல், தோள் குலுக்கல், தொண்டைச் செருமல் போன்றவை திரும்பத் திரும்ப வருகின்றன என்றால் அது டூரெட் குறைபாடாக இருக்கலாம். அந்தக் குறைபாடு உள்ளவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்குத்தான் தகாத சொல் தன்னை மீறி வரும், ஆனால் வரும்போது அதை அடக்கு என்று சொல்லிப் பயனில்லை. காசு உண்டியல் அங்கே கெடுதலே செய்யும், பயமும் பதற்றமும் கூடினால் அந்த வெடிப்பும் கூடும். உண்டியலை எடுத்துவிட்டு, எப்போது என்ன வந்தது என்று எழுதிய சீட்டுகளோடு குழந்தை நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். முதல் சந்திப்பில் அவர் கேட்கப் போவதும் அந்த விவரங்களைத்தான்.